ஒரே கை ஓட்டிய வண்டி

நாலு வருஷமாக வானொலியில் மத்தியான நேரத்தில் வானிலையும் 'காணவில்லை' அறிவிப்பும் வாசித்துக்கொண்டிருந்தவளுக்குக் காலை ஆறு மணிச் செய்தி கிடைத்தது. தொலைந்துபோன கிளி, பேருந்தில் விட்டுப்போன பல்செட், வீட்டில் கோபித்துக்கொண்டு போன மாமனார் என்று ஊரார் தொலைத்ததையெல்லாம் சலிக்காமல் தேடிக் கொடுத்தவள் அவள். ஆறு மணிச் செய்தி என்றால் ஊரே பல் துலக்கிக்கொண்டு கேட்கிற செய்தி. நிலைய மேலாளர் கூப்பிட்டுச் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"முதல் தேதியிலேர்ந்து வந்துடும்மா. அஞ்சேகாலுக்கு நாற்காலியில இருக்கணும். எப்படி வர்றேங்கிறது உன் பாடு."

அந்தப் பாடுதான் பெரும்பாடாக இருந்தது. நிலையம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. முதல் பேருந்து ஆறேகாலுக்குத்தான் கிளம்பும். வாடகை வண்டிக்காரர்கள் நாலரை மணி என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். அவளுக்கோ இடது கை சரியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் தோளில் நரம்பு அறுந்துவிட்டது. அந்தக் கை ஒரு தாளைப் பிடிக்கும், ஒரு தம்ளரைப் பிடிக்காது.

ஆனால் அவள் சும்மா இருந்துவிடவில்லை. ஒற்றைக் கையால் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற பள்ளி ஒன்றைத் தேடிப் பிடித்து, மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டாள். அதில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ஒரு கையால் இயக்கும்படி மாற்றம் செய்த ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்.'

லைசென்சை வீட்டில் காட்டிய அன்று அப்பா அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் அவர் முதலில் செய்கிற வேலை அது. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அசல் எது, போலி எது என்று நாற்பதடி தூரத்திலிருந்தே சொல்வார் என்று அலுவலகத்தில் பேச்சு. அங்கே அவருக்கு 'முத்திரை' என்று பட்டப்பெயர். மருந்துச் சீட்டைக்கூட இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுவார்.

"அசல்தான்," என்றார்.

"பின்ன, நானே அச்சடிச்சேனாப்பா?"

"சரி, வண்டி பாக்கலாம். ஆனா சர்டிபிகேட் உள்ள வண்டிதான். கண்டவன் ஓட்டினதையெல்லாம் வாங்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியாது."

பழைய வண்டிதான் வாங்க முடியும். அதிலே இரண்டு ஜாதி. கம்பெனிக்காரர்களே வாங்கி, சோதித்து, சான்றிதழும் ஒரு வருஷ வாரண்டியும் கொடுத்து விற்பது ஒன்று. சொந்தக்காரரே 'இதுதான் வண்டி, பிடித்தால் எடுத்துக்கொள்' என்று விற்பது இன்னொன்று. அப்பாவுக்கு இரண்டாவது ஜாதி கண்ணிலேயே படாது.

ஷோரூமுக்கு அப்பா, அவள், தம்பி மூவரும் போனார்கள். தம்பி போன் கடையில் வேலை செய்கிறவன். காரைப் பற்றி அவனுக்குத் தெரியாததே கிடையாது, எல்லாம் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது.

டை கட்டிய விற்பனையாளர் ஒரு சின்ன வெள்ளை வண்டியைக் காட்டினார். பல் விளக்கி, தலை வாரி, பவுடர் போட்டு நிறுத்திய மாதிரி இருந்தது அது.

"நூத்தி நாப்பது இடத்துல செக் பண்ணின வண்டி சார். இதோ சர்டிபிகேட்."

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா சோபாவில் உட்கார்ந்து நூற்று நாற்பதையும் வாசிக்க ஆரம்பித்தார். விற்பனையாளர் ஒரு தரம் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு தரம் காப்பி கொடுத்தார். அப்புறம் கொடுக்க ஒன்றுமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எண்பத்தேழு. வண்டிக்குள் வாசனை, சரி. இதை யாரு மோந்து பாத்தது?"

"டெக்னீஷியன் சார்."

"அன்னிக்கு அவருக்குச் சளி கிளி இல்லையே?"

விற்பனையாளர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான்.

கடைசியில் அப்பா கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "சுத்தமான சர்டிபிகேட்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை.

அவள் வண்டியில் ஏறி ஷோரூம் முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பழுது சொல்ல முடியாத வண்டி. பஞ்சு மாதிரி நகர்ந்தது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சங்கடம். இண்டிகேட்டரைத் தட்டக் கை போனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆளில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் இண்டிகேட்டருக்கு ஆளில்லை. ஓட்டுநர் பள்ளி வண்டியில் ஸ்டீயரிங்கின் மேல் குமிழ் ஒன்று இருக்கும். அதைப் பிடித்தபடியே சுழற்றலாம். இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் அந்தக் குமிழிலேயே பொத்தான்களாக இருக்கும்.

"அந்த மாதிரி இதுல போட்டுக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

விற்பனையாளர் கையை விரித்தார். "மாற்றம் எதுவும் பண்ணக் கூடாது மேடம். ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினாலும் சர்டிபிகேட் செல்லாது, வாரண்டியும் போயிடும்."

அப்பா ஒரு தொடையில் வண்டியின் சான்றிதழையும் இன்னொரு தொடையில் அவளுடைய லைசென்சையும் வைத்துக்கொண்டார். மாற்றம் செய்தால் செல்லாது என்றது ஒன்று. மாற்றம் செய்தால்தான் செல்லும் என்றது மற்றது. இரண்டுமே அசல். முப்பத்தோரு வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சற்று நேரம் கழித்து முகம் தெளிந்தது. "ஒண்ணு பண்ணலாம். இதையே எடுத்துடலாம். ஒரு வருஷம் வாரண்டி முடியற வரைக்கும் தம்பி ஓட்டட்டும், காலைல உன்னைக் கொண்டு விட்டுடுவான். அப்புறம் மாத்திக்கலாம். ஒரு வருஷம்தானேம்மா?"

தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவன் காலை ஒன்பது மணிக்கு முன் கண் விழித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு வருஷம் என்பது முந்நூற்று அறுபத்தைந்து விடியற்காலை. ஒவ்வொன்றிலும் தம்பியை எழுப்ப வேண்டும், கெஞ்ச வேண்டும், அவன் கொட்டாவி விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். விழுந்த நாளிலிருந்து அவளை எல்லோரும் கொண்டு விட்டுக்கொண்டும் கூட்டி வந்துகொண்டும்தான் இருக்கிறார்கள். மூன்று மாதம் ஒளித்து ஒளித்துப் பழகியதெல்லாம் அது போதும் என்பதற்காகத்தான். ஆனால் ஷோரூமில், டை கட்டியவர் எதிரில், அதை எப்படிச் சொல்வது? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாக அப்பா சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "இவன் எழுந்து இவளைக் கொண்டு விடுறதுக்குள்ள ஆறு மணிச் செய்தி பழைய செய்தி ஆயிடும்," என்றாள்.

"செகண்ட் ஹேண்ட் வேலை செய்யாதவளுக்கு செகண்ட் ஹேண்ட் வண்டி," என்று அவள் சொல்லித் தானே சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கையை வைத்து அவள் மட்டும்தான் வேடிக்கை பேசுவாள். கேட்கிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை தம்பி மூச்சிரைக்க வந்தான். அக்கா மேல் பாசமோ, நாலு மணி மேல் பயமோ, மூன்று நாளாக ஊரெல்லாம் வண்டி தேடிக்கொண்டிருந்தான். பலசரக்குக் கடை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் போனில் படம் எடுத்து வந்திருந்தான். கோணல்மாணலான கையெழுத்து:

'ஒரே கை ஓட்டிய வண்டி. ஆட்டோமேட்டிக். சான்றிதழ் கிடைக்காது. நேரில் வரவும்.'

"சிங்கிள் ஓனர்ப்பா! ஒரே கை. வேற யாரும் தொட்டதில்ல."

அப்பா போனையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். "சான்றிதழ் இல்லைன்னு போட்டிருந்தா வாங்க மறந்துட்டான்னு அர்த்தம். கிடைக்காதுன்னா கேட்டுப் பாத்திருக்கான், மாட்டேன்னுட்டாங்க. இது ஃபெயிலான கேஸ்."

"பாத்துட்டு மட்டும் வரலாம்ப்பா," என்றாள் அவள். எதை நம்பிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நாளைக்குச் சனிக்கிழமை என்பது மட்டும் தெரிந்தது.

முகவரி ஒரு செடி விற்கிற தோட்டம். வாசல் முழுக்கத் தொட்டிகள். பூச்சட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டு வீட்டுக்காரம்மா ரசீது எழுதிக்கொண்டிருந்தார். வண்டி பார்க்க வந்தோம் என்றதும், "அவரு பின்னால மண்ணு கலக்கறாரு, வந்துடுவாரு. அதுக்குள்ள பேப்பரைப் பாருங்க," என்று பதிவுப் புத்தகத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் பக்கம் புரட்டினார். இரண்டாம் பக்கம் புரட்டினார். காது நுனி சிவந்தது.

"அம்மா, இதுல மூணு பேரு இருக்கு."

"ஆமா, இவரு மூணாவது."

"ஒரே கைன்னு எழுதியிருக்கீங்களே!"

"ஆமா, அதான்..."

"என்னம்மா அதான்? முப்பத்தோரு வருஷம் இதே வேலைதான் பாத்தேன். டிகிரி வாங்காமலே வாங்கினேன்னு எழுதறவன் இருக்கான், மார்க்கைத் திருத்தறவன் இருக்கான். ஆனா உண்மைய இப்படிப் புத்தகத்துல வெச்சுக்கிட்டே சுவத்துல பொய்ய எழுதி ஒட்டினவங்கள இப்பத்தான் பாக்கறேன்!" அப்பா எழுந்துவிட்டார். "கிளம்புங்க."

"யாரு சார் பொய் சொன்னது?"

பின்பக்கமிருந்து ஒருவர் வந்தார். வலது தோளில் ஒரு மண் மூட்டை. சட்டையின் இடது கை தோளுக்குக் கீழே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

"நீங்கதான். ஒரே கை ஓட்டின வண்டின்னு..." என்று ஆரம்பித்த அப்பாவின் குரல் பாதியில் இறங்கிப்போயிற்று.

செடிக்காரர் மூட்டையை இறக்கி வைத்து, மண் அப்பிய வலது கையை உயர்த்தித் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ஒரே கைதானே சார் இருக்கு? இன்னொண்ணை எங்கயாவது ஒளிச்சா வெச்சிருக்கேன்?"

தம்பி ஒரு தொட்டியில் என்ன செடி என்று மிகவும் அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதைப் பார்த்து வீட்டுக்காரம்மாவும் சிரித்துவிட்டார்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், வேற மாதிரி எழுதுங்கன்னு. வர்றவங்க எல்லாம் சிங்கிள் ஓனர்னு நெனச்சு வந்து சண்டை போட்டுட்டுப் போறாங்க. நீங்க அஞ்சாவது."

"மன்னிச்சுக்கணும்," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"அட, விடுங்க சார்." செடிக்காரரின் பார்வை அவள் இடது கையில் ஒரு கணம் நின்றது. அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை. "நீங்கதானா ஓட்டப்போறது? அப்புறம் பெரியவரைப் பேச விட்டுட்டு நீங்க ஏன் ஓரமா நிக்கறீங்க? உக்காருங்க, வண்டியில."

வண்டி கொட்டகைக்குள் நின்றது. சாம்பல் நிறம், ஒரு பக்கம் கீறல், பின்சீட்டில் காய்ந்த இலைகள். பவுடர் கிவுடர் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டீயரிங்கின் மேல் குமிழ் இருந்தது. குமிழைச் சுற்றிப் பொத்தான்கள் இருந்தன. ஹேண்ட்பிரேக்கைக் கதவோரமாக மாற்றி வைத்திருந்தது. அவள் உட்கார்ந்து குமிழைப் பிடித்தாள். கொஞ்சம் எட்டவில்லை.

"என் கை நீளம்," என்றார் அவர். "ரெண்டு விரக்கடை இறக்கணும். ஸ்பேனர் இருக்கு. ஆனா ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் திருகணும். வீட்டுல இவதான் பிடிப்பா."

"நான் பிடிக்கறேன்," என்றாள்.

தம்பி உதவிக்கு ஓடி வந்தான். செடிக்காரர் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் வலது கையால் குமிழைப் பிடிக்க, அவர் வலது கையால் திருகினார். ஆளுக்கொரு கை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி. வேலை சட்டென்று முடிந்தது.

"சான்றிதழ் ஏன் கிடைக்காது?" என்று கேட்டார் அப்பா. கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

"கம்பெனி ஷோரூமுக்குக் கொண்டு போனேன் சார். உள்ள எட்டிப் பாத்துட்டு, இதையெல்லாம் கழட்டிட்டு ஓட்டிட்டு வாங்கன்னான். கழட்டிட்டா நான் எப்படிய்யா ஓட்டிட்டு வர்றதுன்னு கேட்டேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்னு உள்ள போனவன்தான். ஒன்பது வருஷமா இந்த வண்டியத்தான் ஒரு கை பாத்தேன். இப்ப செடி ஏத்த வேன் வாங்கி, அதுலயும் இதே மாதிரி போட்டுக்கிட்டேன். அதனாலதான் விக்கறேன்."

"குறை என்ன இருக்கு?"

"பின் கதவை அறைஞ்சாத்தான் சாத்தும். ஏசி குளிரும், ஆனா முனகும். எண்ணெய் லேசா குடிக்கும். மத்ததை அந்தத் தெருமுனை மெக்கானிக்கைக் கேளுங்க. இதெல்லாம் பொருத்தினவரே அவருதான்."

தெருமுனை வரைக்கும் அவளே ஓட்டினாள். தோட்டத்து வாசலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது, இண்டிகேட்டர் டிக் டிக் என்றது, உள்ளங்கை குமிழைச் சுழற்றியது, வண்டி திரும்பிவிட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கதவுப் பிடியை இறுகப் பிடித்திருந்தார். பாதித் தெருவில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து வெகு நேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தார். "இன்ஜின் ரெண்டு வருஷம் தாங்கும். மூணாவது வருஷத்தைப் பத்தி என்னைக் கேக்காதீங்க."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுத்து வேலை நமக்கு ஆகாது சார். எப்ப வந்து கேட்டாலும் வாயால சொல்றேன்."

பட்டறை வாசலில் ஒரு டயர் மேல் அப்பா உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றாள்.

"நாளைக்கு இதுல ஏதாவது ஆச்சுன்னா யாரைம்மா போய்க் கேக்கறது?"

"யாரையும் கேக்க முடியாதுப்பா."

"அந்த வண்டின்னா கேக்கலாம்."

"கேக்கலாம். ஆனா அதுல எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நான்தான் அதை ஓட்டவே போறதில்லையே."

அப்பா மடியிலிருந்த பதிவுப் புத்தகத்தைத் திறக்காமலே தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஷோரூமைக் கூப்பிட்டார்.

"அந்த வெள்ளை வண்டி வேண்டாம்ங்க. இல்லல்ல, வண்டியில ஒரு குத்தமும் இல்ல. உங்க சர்டிபிகேட்டும் அசல்தான். எங்க பொண்ணு கைக்கு அது பொருந்தல." போனை வைத்துவிட்டுத் தம்பியிடம், "நீ ஏண்டா இப்படிப் பல்லைக் காட்டறே?" என்றார்.

முதல் தேதி காலை நாலு முப்பத்தைந்துக்கு அவள் கிளம்பினாள். எழுப்ப ஆளில்லை, கெஞ்ச ஆளில்லை. அம்மா பிளாஸ்கில் காப்பி வைத்திருந்தாள். அப்பா வாசல்வரை வந்து, சொல்ல ஏதோ யோசித்து, "லைசென்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தெருக்கள் காலியாக இருந்தன. பேக்கரியில் மட்டும் விளக்கெரிந்தது. பாலத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் மழை தூற ஆரம்பித்தது. குமிழிலிருந்த பொத்தானைத் தட்டினாள், வைப்பர் ஆடியது. அப்போதுதான் இடப்பக்கத்துப் பின் கண்ணாடி 'தொப்'பென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. யார் சொன்ன குறையிலும் இல்லாத குறை. சாரல் உள்ளே அடித்தது.

ஓரமாக நிறுத்தினாள். போனைக் கையில் எடுத்தாள். யாரைக் கூப்பிடுவது? தம்பி எடுக்க மாட்டான். அப்பா எடுப்பார், உடனே எடுப்பார். அதனாலேயே போனை வைத்துவிட்டு இறங்கினாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி மேலே இழுத்தாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை மேலே வந்தது. வந்ததைத் தோளால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, பையிலிருந்த பழைய வானிலை அறிக்கைகளை மடித்து மடித்து இடுக்கில் செருகினாள். நின்றது. தலை நனைந்துவிட்டது. ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

காவல்காரர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா கொண்டு வந்து விட்டது?"

"நானே வந்தேண்ணே."

ஆறு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கை தாளைப் பிடித்துக்கொண்டது. செய்திகளைப் பிசிறில்லாமல் வாசித்தாள். கடைசியில் வானிலை: "நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் இன்று வறண்ட வானிலை நிலவும். மழைக்கு வாய்ப்பில்லை."

அந்த வரியோடு தாள் முடிந்துவிட்டது. அவள் ஒரு நொடி நிறுத்தினாள்.

"பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலையில் இப்போது தூறல் விழுகிறது. வண்டி ஓட்டுபவர்கள் நிதானமாகப் போகவும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுக்காரர் தன் தாளை மேலும் கீழும் தேடினார். விளக்கு அணைந்ததும் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"கடைசி வரி எந்தத் தாள்ல இருக்கும்மா?"

"தாள்ல இல்ல சார்," என்றாள், ஈரத் தலையைத் துப்பட்டாவால் துடைத்தபடி. "நான் அந்த வழியாத்தான் ஓட்டிட்டு வந்தேன்."